சிக்கன விளக்கும் கிழமைக் கட்டும்: கண்டாவளையில் செலவின் கதை

"வன்னிச் சனத்துக்குக் காசைப் பிடிச்சு வைச்சிருக்கத் தெரியாது." மீள்குடியேற்றத்துக்குப் பிறகு இந்த வசனத்தைக் கேட்காத ஆள் கிளிநொச்சியில் இருக்க முடியாது. கடன் குடுக்க வந்தவர்களும் சொன்னார்கள். கடன் வாங்க வேண்டாம் எண்டு விழிப்புணர்வுக் கூட்டம் வைக்க வந்தவர்களும் சொன்னார்கள். ஆடி, ஆவணித் திருவிழாவுக்கு வந்து போற வெளிநாட்டுச் சொந்தக்காரரும் சொன்னார்கள். கடைசியில் எங்கட சனமே தங்களைப் பற்றி அப்படிச் சொல்லப் பழகிவிட்டது.

இந்தக் கட்டுரையில் நாங்கள் விசாரிக்கப் போவது அந்த வசனத்தைத்தான். அளவுக்கு மிஞ்சிச் செலவழிப்பது ஒரு சனத்தின் குணமா, அல்லது ஒரு காலத்தில் வந்து இன்னொரு காலத்தில் போகக்கூடிய பழக்கமா? பழக்கம் எண்டால் அதுக்கு ஒரு வரலாறு இருக்கவேணும். எப்ப தொடங்கினது, ஆர் பழக்கினது, வேறு எங்கேயாவது சனம் அதை முறிச்சிருக்கா, எப்படி முறிச்சது எண்ட கேள்விகளுக்கு விடை இருக்கவேணும். அதைக் கண்டாவளையில் இருந்து தேடிப் பார்ப்போம்.

போகத்துக்கு ஒருக்கா வாற காசு

கிளிநொச்சி மாவட்டத்தின் நான்கு பிரதேச செயலாளர் பிரிவுகளில் ஒன்று கண்டாவளை. பரந்தன் சந்தியில் இருந்து முல்லைத்தீவு வீதியில் திரும்பினால் முரசுமோட்டை, புளியம்பொக்கணை, தர்மபுரம் எண்டு ஊர்கள் வரும். இரணைமடுவைத் தாண்டி வாற கனகராயன் ஆறு இந்தப் பக்கத்தால் ஓடித்தான் சுண்டிக்குளம் கடனீரேரியில் விழுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலை தொடங்கி 1920களில் முடிந்த இரணைமடுக் குளமும், அதற்குப் பின்னால் வந்த குடியேற்றத் திட்டங்களும் இந்த இடத்தை நெல்லூராக மாற்றின. யாழ்ப்பாணத்தில் காணி போதாதவர்கள் வந்தார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து அடிபட்டு வந்த குடும்பங்கள் தர்மபுரம் போன்ற இடங்களில் குடியேறின. காணி உள்ளவர்களும் அந்தக் காணியில் கூலிக்குப் போறவர்களும் அடுத்தடுத்து இருக்கிற ஊர்கள் இவை.

நெல்லூரில் காசு மாதச் சம்பளம் போல வராது. காலபோகம் வெட்டினால் மாசி, பங்குனியில் ஒருக்கா வரும். தண்ணி இருந்து சிறுபோகம் செய்தவர்களுக்கு ஆவணி, புரட்டாதியில் இன்னொருக்கா வரும். இடைப்பட்ட மாதங்களில் கடைக்காரரின் கொப்பிதான் சாப்பாடு போடும். கொப்பியில் எழுதின கடனை நெல்லு வித்துத் தீர்ப்பது வழமை. அறுவடை முடிந்த கையோடுதான் ஊரில் கலியாணம், வீட்டு வேலை, நகை வாங்குவது எல்லாம் நடக்கும். புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலும் பங்குனியில்தான் வரும்.

வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு இது ஊதாரித்தனம் போலத் தெரியும்: காசு கண்டவுடன் நகைக்கடைக்கு ஓடுகிற சனம். ஆனால் அந்தக் காப்பு எங்கே போகிறது எண்டு பார்க்கவேணும். ஐப்பசியில் விதைப்புக்கு உழவு மெசின் கூலியும் பசளைக் காசும் தேவைப்படும்போது அது அடைவுக்குப் போகும். மாசியில் மீண்டு வரும். அடுத்த ஐப்பசியில் திரும்பவும் போகும். வங்கிக் கொப்பி இல்லாத வீட்டில் இரண்டு பவுண் சங்கிலிதான் சேமிப்புக் கணக்கு. காணி கூட இப்படித்தான் சுழண்டது. ஒற்றி வைக்கிறதும் மீட்கிறதும் எங்களுக்குப் புதிய விசயமில்லை. ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையிலேயே ஒற்றிக்கும் அடைவுக்கும் விதிகள் இருக்கின்றன.

1970களின் நடுப்பகுதியில் ஒரு நல்ல காலம் வந்தது. அப்போதைய அரசாங்கம் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியை இறுக்கியதால், யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் நல்ல விலை கிடைத்தது. விசுவமடு, முத்தையன்கட்டு எண்டு காடு வெட்டித் தோட்டம் செய்த இளைஞர்கள் உழவு மெசினும் கல்வீடும் கண்டார்கள். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் இறக்குமதி மிளகாய் வந்தது, விலை விழுந்தது. நல்ல காலத்தில் கூடின செலவு, விலை விழுந்த அண்டே குறையாது. வீட்டுக்கு அத்திவாரம் போட்டவர் கூரை போடாமல் விட முடியாது.

இது வன்னிக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாபில் கூட்டுறவுத் துறையில் வேலை செய்த மல்கம் டார்லிங் எண்ட அதிகாரி 1925 இல் ஒரு புத்தகம் எழுதினார். பஞ்சாப் விவசாயியின் செழிப்பும் கடனும்தான் அதன் பொருள். வறுமையால்தான் கடன் வரும் எண்டு நினைத்திருந்தவர்களுக்கு அவர் காட்டிய கணக்கு ஆச்சரியமாக இருந்தது. வாய்க்கால் வந்து, காணி விலை ஏறி, விவசாயி வசதியானபோதுதான் கடனும் ஏறியது. காரணம் சுலபம்: வசதியானவரை நம்பித்தான் வட்டிக்காரர் கூடக் குடுப்பார். கடனின் அளவைத் தீர்மானிப்பது வாங்குகிறவரின் ஆசை மட்டுமில்லை, குடுக்கிறவரின் விருப்பமும்தான். இந்த ஒரு விசயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

விளக்கின் காலம்

காசு பிடிக்கத் தெரியாத சனம் எண்டு சொல்லுகிறவர்களுக்கு 1990களின் வன்னியைக் காட்டவேணும்.

1990 இல் போர் திரும்பவும் தொடங்கியதில் இருந்து 2002 வரை எரிபொருள், பற்றரி, சீமெந்து, இரும்பு, யூரியா எண்டு பல பொருட்களுக்குத் தடை இருந்தது. மின்சாரம் இல்லை. அந்தக் காலத்துச் சாமான் ஒன்றுக்கு எங்கட சனம் வைத்த பெயரே "சிக்கன விளக்கு". வெறும் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு, அதில் நனையக்கூடிய அளவு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக் கட்டைக்குள்ளால் மேலே வாற ஒரு மெல்லிய திரி. போத்தல் சரிந்தாலும் எண்ணெய் சிந்தாது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இரவுப் படிப்பு முடியும். அந்த வெளிச்சத்தில் ஓ.எல்., ஏ.எல். எழுதினவர்கள் இன்றைக்கு எங்கட ஆசிரியர்கள்.

மோட்டார் சைக்கிளைச் சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிட்டு வைத்து, சில்லைச் சுத்தி, டைனமோவில் வாற மின்னில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சங்கக் கடையில் நிவாரணம் வாற நாளைக் கணக்குப் பண்ணி அரிசி அளந்தார்கள். 1996 இல் கிளிநொச்சி நகரம் படையினரிடம் போனபோது இந்தப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து, 1998 இல் நகரம் கைமாறிய பிறகு படிப்படியாகத் திரும்பி வந்து, பிறகும் அதே அளவுப் பொருளோடு சீவித்தது.

இதை ஒரு பொற்காலமாக நாங்கள் சொல்லவில்லை. மருந்து இல்லாமல் செத்தவர்கள் இருக்கிற காலத்தைச் சிக்கனப் பாடமாக மாத்துவது அநியாயம். ஆனால் ஒரு விசயம் உறுதியாகிறது. பத்துப் பன்னிரண்டு வருசம் ஒரு தேக்கரண்டி மண்ணெண்ணெயைக் கணக்குப் பார்த்த சனத்துக்குக் கணக்குத் தெரியாது எண்டு சொல்ல முடியாது. "கணக்குத் தெரியாத சனம்" எண்ட பெயர் பிறகுதான் வந்தது.

2009க்குப் பிறகு வந்த காசு

2009 இன் முதல் மாதங்களில் தர்மபுரம், விசுவமடு வழியாகச் சனம் கிழக்குப் பக்கமாக ஓடியது. வீடு, உழவு மெசின், மாடு, நெல் மூட்டை எல்லாம் வழிவழியே விடப்பட்டன. நகையைத்தான் மடியில் கட்டிக்கொண்டு போக முடிந்தது. அதுவும் ஒரு மா பைக்கும் ஒரு கிலோ சீனிக்கும் போனது. செட்டிகுளம் முகாம்களில் இருந்து திரும்பி வந்தபோது, தலைமுறைகளாகச் சேர்த்த சேமிப்பு, அதாவது அடைவுக்குப் போய்த் திரும்பி வாற அந்தத் தங்கம், பல வீடுகளில் இல்லை.

அந்த வெறுங்கைக்குத்தான் கடன் வந்தது. ஏ9 வீதியோரத்தில் வங்கிக் கிளைகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கடைகளும் வரிசையாகத் திறந்தன. வேலையும் சந்தையும் அதே வேகத்தில் வரவில்லை. தொழிற்சாலை எண்டு சொன்னால் இந்தப் பிரிவுக்குள் ஞாபகம் வருவது பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. 1950களில் தொடங்கிய அது போரில் அழிந்து, யுத்தம் முடிந்த பிறகும் பல வருசம் கட்டடக் கூடாகத்தான் நின்றது.

இந்திய வீட்டுத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு, கிழக்கு, மலையகம் எல்லாம் சேர்த்து 50,000 வீடு. ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா மானியம், பகுதி பகுதியாகத் தரப்படும். ஒரு கட்டம் கட்டி முடித்தால்தான் அடுத்த பகுதிக் காசு. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடு எழும்ப, மண், சல்லி, சீமெந்து, மேசன் கூலி எல்லாம் ஏறின. அடுத்த பகுதிக் காசு எடுக்கவேணும் எண்டால் இந்தக் கட்டத்தைக் கடன்பட்டாவது முடிக்கவேணும். மிஞ்சியிருந்த நகையும் அடைவுக்குப் போனது. சிலர் திட்டத்தில் இருந்ததை விடப் பெரிசாகக் கட்டினார்கள் எண்டதும் உண்மை. இருபது வருசத்தில் நாலைந்து தரம் வீட்டை விட்டு ஓடினவர், கடைசியில் ஒரு வீடு கட்டும்போது ஒரு அறை கூடப் போட்டதை ஊதாரித்தனம் எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த அறைக்கும் வட்டி இருந்தது.

அடுத்தது லீசிங். ஓட்டோ, மோட்டார் சைக்கிள், உழவு மெசின் எல்லாம் கொஞ்ச முற்பணத்தோடு வீட்டு வாசலில் நின்றன. ஒரே சந்தியில் அளவுக்கு மிஞ்சி ஓட்டோ நின்றால் எல்லாருக்கும் ஓட்டம் குறையும், ஆனால் மாதக்கட்டு குறையாது.

மூன்றாவது, பெண்களைத் தேடி வந்த நுண்கடன். இதை ஊரில் கிழமைக் கட்டு எண்டு சொல்வார்கள். அஞ்சு பேர், பத்துப் பேர் சேர்ந்த குழு. காணி உறுதி வேண்டாம், நகை வேண்டாம், ஒருவருக்கு மற்றவர் பிணை. கிழமைக்கு ஒருநாள் ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டம், அங்கேயே கட்டவேணும். ஒராள் கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டவேணும். காசு சேரும்வரை அலுவலர் எழும்பிப் போகமாட்டார். பின்னேரம் ஆறு மணியானாலும் வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும்.

அந்தக் கடனின் கணக்கை ஒருக்கா போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபா கடன், வருசம் 24 வீத வட்டி எண்டு சொல்லுகிறார்கள். அதாவது 12,000 வட்டி, மொத்தம் 62,000. அதை 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 1,192 ரூபா. கேட்கச் சின்னக் காசு. ஆனால் முதல் கிழமையில் இருந்தே முதலையும் சேர்த்துத் திருப்பிக் கட்டுகிறோம். ஆறு மாதத்தில் பாதி முதல் திரும்பிப் போய்விட்டது. வருசம் முழுக்கச் சராசரியாகக் கையில் இருந்தது 25,000 அளவில்தான். 25,000க்கு 12,000 வட்டி எண்டால் அது 24 வீதம் இல்லை, 48 வீதத்துக்குக் கிட்ட. இதைவிட மோசமான கடன்களும் இருந்தன. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹோஸ்லவ்ஸ்கி, நுண்கடன் வட்டி 220 வீதம் வரை போவதாகச் சுட்டிக்காட்டினார்.

இன்னொரு கணக்கும் இருக்கு. நெல்லுக் காசு போகத்துக்கு ஒருக்கா வரும். கிழமைக் கட்டு கிழமைக்கு ஒருக்கா வரும். கச்சான் போட்டாலும் மாடு வளர்த்தாலும் முதல் கிழமையே வருமானம் வராது. அப்ப முதல் கட்டுக் காசு எங்கால் வரும்? வாங்கின கடனில் இருந்தே வரும். அது முடிந்தால் இரண்டாவது கம்பனியிடம் வாங்கி முதலாவது கம்பனிக்கு, பிறகு மீற்றர் வட்டிக்கு வாங்கி இரண்டாவதுக்கு. இப்படி மூன்று, நாலு கடன் இருந்த பெண்ணைப் பார்த்துத்தான் "செலவழிக்கத் தெரியாது" எண்டு சொன்னார்கள். அந்தக் கடனில் பெரும்பங்கு வேறு எந்தச் செலவுக்கும் போகவில்லை, கடனுக்கே போனது.

பூனாவில் எரிந்த பத்திரங்கள்

கடன்பட்டவரைத்தான் குற்றவாளியாக்குவது பழைய வழக்கம். 1875 மே மாதம், பூனாவுக்கு அருகில் சூபா எண்ட ஊரில் விவசாயிகள் வட்டிக்காரரின் வீடுகளைச் சுற்றி வளைத்துக் கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் பறித்து எரித்தார்கள். கலகம் பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி விலை ஏறியிருந்தது. அப்போது வட்டிக்காரர் தாராளமாகக் குடுத்தார்கள். போர் முடிந்து விலை விழுந்ததும் குடுக்க மறுத்தார்கள், பழையதைக் கேட்டார்கள். நிலவரியோ ஏறியிருந்தது.

அப்போதும் அதிகாரிகள் பலர் சொன்ன விளக்கம், இவர்கள் கலியாணத்துக்கும் சடங்குக்கும் அள்ளி இறைக்கிறவர்கள் எண்டது. பிரித்தானிய அரசாங்கமே நியமித்த தக்காணக் கலக ஆணைக்குழு கணக்குகளைப் பார்த்துவிட்டு, கலியாணச் செலவுக்குத் தேவைக்கு மிஞ்சின முக்கியத்துவம் குடுக்கப்பட்டிருக்கிறது எண்டு எழுதியது. சின்னச் சின்னத் தொகையாகச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் மாட்டுக்கும் வரிக்கும் வாங்கியதும், அதன் மேல் ஏறிய வட்டியும்தான் பெரிய பங்கு. நூற்றைம்பது வருசத்துக்கு முன்னர் ஒரு காலனித்துவ ஆணைக்குழு கண்டுபிடித்ததை இன்றைக்கும் எங்கட விழிப்புணர்வுக் கூட்டங்கள் கண்டுபிடிக்கவில்லை.

சாமத்திய வீட்டையும் கதைப்போம்

இதுவரை வாசித்துவிட்டு, அப்ப எங்களில் பிழையே இல்லையா எண்டு கேட்கலாம். இருக்கு. அதையும் கதைக்காவிட்டால் இந்தக் கட்டுரை ஒருபக்கக் கணக்காகிவிடும்.

சாமத்திய வீடு ஒரு மண்டப விழாவாகிவிட்டது. வீடியோ, ட்ரோன், மூன்று நாலு உடுப்பு மாத்து, வாசலில் ஆளுயரக் கட்டவுட், பிறந்தநாளுக்கு மூன்று தட்டுக் கேக். வெளிநாட்டுக் காசு வாற வீடு ஒரு அளவு வைக்கும், வெளிநாட்டில் ஆர் இல்லாத வீடு அந்த அளவைக் கடன்பட்டுத் தொடும். போரில் எல்லாம் இழந்த சனத்துக்கு "நாங்களும் எழும்பிட்டம்" எண்டு காட்டவேண்டிய தேவை இருந்ததை நாங்கள் விளங்கிக்கொள்கிறோம். ஆனால் ஒரு நாள் காட்டிக்கொள்ள மூன்று வருசம் கட்டவேண்டி இருக்கு. கூலி வேலைக்குப் போற குடும்பத்துக்கு அது பிள்ளையின் ரியூசன் காசு.

ஒரு வீடு தனியே இதை நிப்பாட்ட முடியாது. "அவைக்கு வசதியில்லை" எண்டு ஊர் கதைக்கும். அந்தக் கதைக்குப் பயந்துதான் சனம் செலவழிக்கிறது. ஆகவே இந்தப் பழக்கம் முறிந்த இடங்களில் அது சேர்ந்து எடுத்த முடிவாகத்தான் இருந்திருக்கு. தமிழ்நாட்டில் 1928 இல் தொடங்கிய சுயமரியாதைத் திருமணம் சாதிக்கும் புரோகிதத்துக்கும் எதிரான போராட்டம். ஆனால் அதன் இன்னொரு பக்கம் செலவு. சடங்கு, சீர்வரிசை, நாள்கணக்கான விருந்து எல்லாத்தையும் ஒரு மேடை, இரண்டு மாலை, சில பேச்சுகளாகச் சுருக்கியது. தனியொரு குடும்பம் அப்படிச் செய்திருந்தால் கஞ்சத்தனம் எண்டு பெயர். ஒரு இயக்கமாகச் செய்தபோது அது பெருமை. 1967 இல் அண்ணாதுரை அரசாங்கம் அதைச் சட்டமாக்கும்போது நாற்பது வருசம் போயிருந்தது.

எங்கட பக்கத்திலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1920களில் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசைத் தேர்தல் பகிஷ்கரிப்புக்காகத்தான் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். 1927 இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்கள்தான். சாதிப் பாகுபாட்டோடு ஆடம்பரத்தையும் எதிர்த்தார்கள், கதர் உடுத்தார்கள். அவர்களில் பலர் எங்கட வயதுக்காரர்கள்.

சங்கம் எப்படிப் பழக்கியது

செலவுப் பழக்கத்தைக் கூட்டாக மாத்துகிறதுக்கு எங்கட மண்ணில் ஒரு நிறுவனமே இருந்தது. அதன் பெயரிலேயே விசயம் இருக்கு: சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம். சிக்கனம் முதல், கடன் பிறகு.

இதன் மூலம் ஜேர்மனியில். ரைபைசன் எண்ட ஊர்த்தலைவர் 1860களில் கிராமக் கடன் சங்கங்களைத் தொடக்கினார். ஒரு ஊருக்கு ஒரு சங்கம், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள் மட்டும் அங்கத்தவர்கள், எல்லாருடைய கடனுக்கும் எல்லாரும் பொறுப்பு. இலங்கையில் 1911 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. யாழ்ப்பாணத்தில் அது வேர் பிடித்தது. 1929 இல் ஒரு கூட்டுறவு வங்கியும், 1930களில் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையும் வந்தன. யாழ் நகரில் நாடகம் பார்க்கவும் கூட்டத்துக்கும் நாங்கள் போற வீரசிங்கம் மண்டபம், கூட்டுறவுத் தலைவராக இருந்த ஆசிரியர் வீரசிங்கத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

கிழமைக் கட்டுக் குழுவும் சங்கமும் மேலோட்டமாக ஒரே மாதிரித் தெரியும். இரண்டிலும் பெண்கள், கூட்டம், ஒருவருக்கு ஒருவர் பிணை. வித்தியாசம் எங்கே எண்டால், சங்கத்தில் முதலில் சேமிக்கவேணும். பங்குக் காசும் மாதச் சேமிப்பும் போட்ட பிறகுதான் கடன். என்ன தேவைக்கு எண்டு கேட்பார்கள், கேட்கிறவர் பக்கத்து வளவுக்காரர். கட்டுகிற வட்டி கொழும்புக்குப் போகாது, சங்கத்துக்குள்ளேயே நிற்கும். போகம் பிழைத்துவிட்டது எண்டால் கூட்டத்தில் கதைத்துத் தவணையை மாத்தலாம், ஏனென்றால் போகம் பிழைத்தது எல்லாருக்கும் தெரியும். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கண்டாவளை வயல்கள் வெள்ளத்தில் நின்றபோது, அது ஊருக்குத் தெரிந்த விசயம்.

சங்கம் எண்டால் எல்லாம் சரி எண்டும் நினைக்க வேண்டாம். காணியுள்ளவர்கள் நிர்வாகத்தில் இருந்து கூலிக்காரரை ஒதுக்கிய சங்கங்களும் உண்டு. அரசியல்வாதிகள் புகுந்து கெடுத்த கதைகளும் உண்டு. போர் பல சங்கங்களின் ஏடுகளையே அழித்தது. 2009க்குப் பிறகு திரும்பி வந்த சனத்துக்குச் சங்கம் தன் காலில் எழும்பும் முன்னரே லீசிங் கடை திறந்துவிட்டது. அந்த இடைவெளிதான் எங்கட கதையின் முக்கியமான இடம் எண்டு நாங்கள் நினைக்கிறோம். சிக்கனம் பழக்கிற நிறுவனம் விழுந்து கிடந்த நேரத்தில், கடன் பழக்கிற நிறுவனம் வாசலுக்கு வந்தது.

நாடு கட்டாமல் விட்ட கடன்

2018 இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் நிதிக் கம்பனிகளிடம் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத, மூன்று மாதத்துக்கு மேல் கட்டாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தது. வட்டிக்கு 35 வீத உச்சம் வைத்தது. நல்ல விசயம். ஆனால் மீற்றர் வட்டிக்கு வாங்கியாவது ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அதில் ஒன்றும் இல்லை. 2021 பங்குனி 8, பெண்கள் தினத்தன்று, பொலனறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் பெண்கள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். அது ஐம்பது நாளுக்கு மேல் நீண்டது. இது தமிழ்ப் பெண்களின் "குணம்" இல்லை எண்டதுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

அடுத்த வருசம் நாடே அந்தப் பெண்களின் நிலைக்கு வந்தது. 2007 இல் இருந்து சர்வதேசச் சந்தையில் முறிகள் வித்து, பழைய கடனைப் புதிய கடனால் அடைத்து வந்த அரசு, 2019 கடைசியில் வரியையும் வெட்டிவிட்டு, 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துகிறோம் எண்டு அறிவித்தது. ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியிடம் வாங்குகிற அதே கணக்கு, பூச்சியங்கள் மட்டும் கூட. பிறகு என்ன நடந்தது? சர்வதேச நாணய நிதியம் 2023 இல் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுக்கு இணங்கியது. முறிக்காரரோடு பேசி முதலில் 27 வீதம் குறைத்தார்கள். ஒருவரும் திறைசேரி வாசலில் பின்னேரம் ஆறு மணி வரை மோட்டார் சைக்கிளில் நிற்கவில்லை.

உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமை விழுந்த இடம் ஊழியர் சேமலாப நிதி. மாதாமாதம் சம்பளத்தில் வெட்டிச் சேமித்தவர்களின் காசு. சிக்கனமாக இருந்தவர்கள்தான் ஊதாரித்தனத்துக்குக் கட்டினார்கள். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2023 இல் செய்த ஆய்வில் 60.5 வீதமான குடும்பங்களின் வருமானம் குறைந்திருந்தது, 91 வீதமான குடும்பங்களின் செலவு கூடியிருந்தது. அதே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடக் காசு தேவைப்பட்டது. அதையும் வரவுக்கு மிஞ்சின செலவு எண்டுதான் எழுதுவார்கள்.

எங்கட கொப்பி

இந்த வரலாற்றில் இருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது இரண்டு விசயம்.

ஒன்று, செலவைப் பற்றிக் கதைக்கும்போது இரண்டு கணக்கைப் பிரித்துப் பார்க்கவேணும். வட்டிக்கும் விலையேற்றத்துக்கும் போன காசு வேறு, ஊர்க் கதைக்குப் பயந்து போன காசு வேறு. முதலாவதுக்குச் சட்டமும் போராட்டமும் வேணும். இரண்டாவதுக்கு எங்களுக்குள்ளேயே ஒரு முடிவு வேணும். இரண்டையும் ஒரே பையில் போட்டு "சனத்துக்குத் தெரியாது" எண்டு சொல்லுகிறவர் கடன் குடுத்தவரைத் தப்ப விடுகிறார்.

இரண்டாவது, பழக்கம் தனிய முறியாது. எங்கட வயதில் தவணைக்குப் போன் எடுத்து, தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்து, முதல் சம்பளம் வர முன்னமே அதைப் பங்கு பிரித்துக் குடுத்தவர்கள் ஏராளம். அவர்களுக்குப் புத்தி சொல்ல நாங்கள் ஆள் இல்லை. ஆனால் சின்னதாகச் சிலதைத் தொடங்கலாம். கடன் எடுக்கப் போற அம்மாவுக்கும் அக்காவுக்கும் மேலே போட்ட மாதிரி அந்த 48 வீதக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டலாம். பத்துப் பேர் சேர்ந்து உங்கட ஊர்ச் சங்கத்தில் பங்கு வாங்கலாம். சங்கம் படுத்துக் கிடந்தால் பொதுக்கூட்டத்துக்குப் போய் ஏன் எண்டு கேட்கலாம். சனசமூக நிலையத்தில், விளையாட்டுக் கழகத்தில், எங்கட வீட்டுச் சாமத்திய வீட்டுக்கு ட்ரோனும் கட்டவுட்டும் இல்லை எண்டு பத்துக் குடும்பம் சேர்ந்து முடிவெடுக்கலாம். ஒரு வீடு எடுத்தால் ஊர் கதைக்கும். பத்து வீடு எடுத்தால், பதினோராவது வீட்டுக்கு அது வழக்கம்.

சிக்கன விளக்கை ஒருவர் கண்டுபிடித்ததாக எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஒரு வீட்டில் பார்த்து மற்ற வீட்டில் செய்தார்கள், ஒரு மாதத்துக்குள் ஊரெல்லாம் எரிந்திருக்கும். எல்லார் வீட்டிலும் ஜாம் போத்தல் எரிந்ததால் அதில் ஆருக்கும் வெட்கம் இருக்கவில்லை.